தோல் நிறம், செருப்பு நிறம்

அந்த ரொட்டிக்கடையில் நிறங்களுக்கு வைத்த பெயர்களை யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. வானத்துக்குப் பூசுவது 'வானம்'. புல்லுக்குப் பூசுவது 'புல்'. சர்க்கரைத் தூளையும் முட்டை வெள்ளையையும் நுரைக்க அடித்து, அந்த வெண்மையில் ஒரு துளி சிவப்பும் ஒரு துளி மஞ்சளும் விட்டால் வெளிறிய ஓர் இளஞ்சிவப்பு வரும். பொம்மை பிஸ்கட்டின் முகத்துக்கும் கைக்கும் அதைப் பூசுவார்கள். அதற்குப் பெயர் 'தோல்'. கொக்கோ கலந்தால் வரும் அடர்ந்த பழுப்பு, பொம்மையின் காலணிக்கு. அதற்குப் பெயர் 'செருப்பு'. "தோல் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் கலக்கு" என்பார்கள். "செருப்புல தண்ணி கூடிப்போச்சு" என்பார்கள். "தோலை உரிச்சாச்சா தங்கச்சி?" என்று அடுப்பு மாஸ்டர் நாள் தவறாமல் கேட்பார், நாள் தவறாமல் தானே சிரித்தும் கொள்வார்.

அந்தப் பெயர்களை டப்பாக்களின் மேலும் கோன்களின் மேலும் எழுதுகிற கை ஐசிங் அக்காவுடையது. கடையில் அவளுக்கு அதுதான் பெயர். முதலாளியம்மாவுக்கு வெறும் 'ஐசிங்'. நிறம் கலப்பதும், காகிதத்தைக் கோனாகச் சுற்றி நிரப்புவதும், நுனி வெட்டிக் கொடுப்பதும் அவள் வேலை. சேர்ந்த அன்று எதை எப்படிச் சொல்வார்கள் என்று முதலாளியம்மா சொல்லிக்கொடுத்தாளோ, அப்படியே எழுதினாள். ஆண்டுகள் உருண்டன. கை எழுதிக்கொண்டே இருந்தது. கண் அதைப் படிக்கவேயில்லை.

அவள் கறுப்பு. முகில் என்றும் நாவற்பழம் என்றும் உவமை தேடிப் பூசி மெழுக வேண்டியதில்லை, கறுப்பு. கணவன் கறுப்பு. மகளும் கறுப்பு. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. முகத்தில் மூக்கு இருப்பதைப் பற்றி எந்த வீட்டில் பேசுகிறார்கள்?

மகளுக்கு ஏழு வயது. உருவத்துக்கும் காரத்துக்கும் சேர்த்து வீட்டில் வைத்த செல்லப்பெயர் கடுகு. குளிர்கால விடுமுறையில் வாடிக்கையாளர்களின் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பிஸ்கட் சுடச்செய்து, நிறம் பூசச்செய்து, அவற்றைச் சாலையோரக் கண்ணாடிப் பெட்டியில் குளிர் முடியும்வரை வைப்பது கடையின் வழக்கம். இந்த ஆண்டு முதலாளியம்மாவின் மனம் இளகியது. "நம்ம ஆளுங்க பிள்ளைங்களும் வரட்டுமே, பாவம்" என்றாள். ஆள்களில் அந்த வயதுப் பிள்ளை வைத்திருந்தது ஐசிங் அக்கா ஒருத்திதான். ஆகவே அந்தப் பெருங்கருணையின் முழுப் பாரமும் கடுகின் தலையில் இறங்கிற்று.

கடுகின் அப்பா பேருந்து ஓட்டுநர். அவருடைய தடம் அந்தக் கடையை உரசிக்கொண்டுதான் போகும். முந்தின மாலையே கடுகு அவரை மடக்கிவிட்டாள்.

"அப்பா, நாளைக்கு மத்தியானம் கடைகிட்ட வரும்போது மெதுவா ஓட்டணும்."

"ஏம்மா, போலீஸ் நிக்குதா?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீங்க நிப்பீங்க. நானும் அம்மாவும்கூட. பார்த்ததும் ரெண்டு தடவை ஹாரன் அடிக்கணும்."

"எல்லாத்தையும் ஒரே அச்சுல வெட்டுவாங்க. எல்லாத்துக்கும் ஒரே குல்லா. அதுல நான் எதுன்னு ஓடுற வண்டியிலருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கடுகு யோசித்தாள். "கண்டுபிடிக்கிற மாதிரிப் பண்றேன்," என்றாள்.

மறுநாள் காலை கடையின் பின்னறை மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கிய மேலங்கிகளுக்குள் அவர்கள் காணாமல் போயிருந்தார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசைந்து, குளிர்ப்பெட்டியில் இறுகவைத்திருந்த உருண்டைகளை அடுப்பு மாஸ்டர் ஆளுக்கொன்று வைத்தார். உருட்டுக் கட்டைகள் உருண்டன. ஒருத்தி தேய்த்தது தாள்போல் இருந்தது. ஒருவன் தேய்த்தது பலகைபோல் இருந்தது. பல் டாக்டர் வீட்டுப் பையன் பச்சை மாவைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேயிருந்தான்.

"தின்னு ராஜா, தின்னு," என்றார் அடுப்பு மாஸ்டர். "உங்கப்பாவுக்கு வீட்டுக்குள்ளயே வியாபாரம்."

மனித உருவ அச்சை அமுக்கி, பெரியவர்கள், சிறியவர்கள் என்று வெட்டித் தட்டில் அடுக்கினார்கள். அடுப்பின் கண்ணாடிக் கதவு முன்னால் எல்லாத் தலைகளும் குவிந்தன. ஓரம் பொன்னிறமானதும் மாஸ்டர் தட்டுகளை உருவினார். அறை முழுக்க வெண்ணெய் மணம். பிள்ளைகள் விரல் வைத்துச் சுட்டுக்கொண்டு, ஊதிக்கொண்டு, மறுபடி விரல் வைத்தார்கள்.

ஆறிய பிறகு கோன்கள் வந்தன. முதலாளியம்மா மேசையின் ஒரு முனையில் நின்றாள். முகத்தில் பவுடர், மணிக்கட்டு வரை கை நீண்ட கம்பளிச் சட்டை, தேன் கொட்டும் குரல். "முதல்ல முகம், கை. அதுக்குத் தோல். அப்புறம் குல்லா, சட்டை, உங்க இஷ்டம். கடைசியா செருப்பு. உங்கவுங்க வீட்டு ஆளுங்களைப் பண்ணுங்க, செல்லங்களா."

சுவருக்கு அந்தப் பக்கம், கழுவுதொட்டி ஓரம் கோன் நிரப்பிக்கொண்டிருந்த ஐசிங் அக்காவின் காதில் இது விழுந்தது. எத்தனையோ குளிர்காலங்களில் விழுந்ததுதான். விழுந்ததே தவிரத் தைத்ததில்லை.

கடுகு தோல் கோனைத் தொடவில்லை. செருப்புக் கோனை எடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு பெரிய உருவத்தின் முகத்தைச் சுற்றிக் கோடிட்டு, உள்ளே நிரப்பி, ஊசி முனையால் சமன் செய்தாள். அடுத்ததற்கும் செய்தாள். சின்னதற்கும் செய்தாள். அப்பாவுக்கு நீலச் சட்டை, ஓட்டுநர் சட்டை. அம்மாவுக்குப் பச்சைக் குல்லா. தனக்கு எல்லா நிறத்திலும் ஒரு பொட்டு.

முதலாளியம்மா குனிந்தாள். "அடடா. கண்ணு, நீ மாத்தி எடுத்துட்டே. இது செருப்புக்கு."

"இல்ல ஆன்ட்டி. இது எங்க அம்மா முகம்."

"முகத்துக்குத் தோல்தான் பூசணும், தங்கம்."

"இதுதான் எங்க தோல்."

பல் டாக்டர் வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். "ஐயே, செருப்பு மூஞ்சி," என்றான். ஒரு பிள்ளை சிரித்தால் ஊரே சிரிக்கும் வயது அது. செருப்பு மூஞ்சி, செருப்பு மூஞ்சி என்று மேசை முழுவதும் பரவிற்று.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது," என்றாள் முதலாளியம்மா. "பாவம்."

சொல்லிவிட்டு, ஓரம் சீவும் சின்னக் கத்தியை எடுத்தாள். அன்பாகத்தான் எடுத்தாள். கடுகின் தலையை ஒரு கையால் தடவிக்கொண்டே மறு கையால் அம்மாவின் முகத்தைச் சுரண்டினாள். பிறகு அப்பாவின் முகத்தை. பிறகு கடுகின் முகத்தை. பழுப்புச் சுருள்கள் மேசையில் உதிர்ந்தன. மூன்று முகங்களிலும் தோல் கோனைப் பிதுக்கி வழவழவென்று பரப்பினாள். "இப்பப் பாரு. எவ்ளோ லட்சணமா ஆயிட்டீங்க."

கடுகு அழவில்லை. செருப்புக் கோனைக் கையில் எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.

"அம்மா, இது நீ எழுதினதுதானே? 'ரு'வுக்கு இவ்ளோ பெரிய வால் போடறது நீதான்."

ஐசிங் அக்கா பார்த்தாள். "ஆமா, ஏன்?"

"அப்ப அவங்க சுரண்டினது சரிதானா?"

"யாரு சுரண்டினது? எதை?"

"நம்ம மூணு பேர் முகத்தையும். எங்க அம்மா முகம்னு சொன்னேன், சொன்ன பிறகும் சுரண்டிட்டாங்க." கடுகின் உதடு அப்போதுதான் துடித்தது. "இப்ப யாரோ மாதிரி இருக்கோம். அப்பா எப்படிம்மா கண்டுபிடிப்பாரு? நான் சொல்லிட்டேனே, கண்டுபிடிக்கிற மாதிரிப் பண்றேன்னு."

கோனில் தன் எழுத்தை அவள் படித்தாள். முதன்முதலாகப் படித்தாள். தன் கையால், தன் மையால், தன் முகத்துக்குத் தானே எழுதிவைத்திருந்த பெயரைப் படித்தாள். கால் புண்படாமல் காக்கும் செருப்பைப் பழிக்க அவளுக்கு மனமில்லை; அது உழைக்கிற பொருள். ஆனால் ஒரு நிறம் காலுக்குக் கீழே மட்டும் இருக்கலாம், கழுத்துக்கு மேலே வரக் கூடாது என்று விதித்தது யார்? எந்தச் சபையில்? யாரைக் கேட்டு? இத்தனை நாளும் அந்த விதியின் எழுத்தராக இருந்தாளே, அந்த எண்ணம் அவள் உச்சந்தலையில் கொதிநீராய் ஏறிற்று. ஏழு வயதுப் பிள்ளை கேட்டது வெறும் அடையாளம். தகப்பன் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்ற சின்ன ஆசை. அதைக்கூடவா கத்தியால் சுரண்டுவது, தலையைத் தடவிக்கொண்டே?

ஈரக் கையைத் துடைக்காமல் மேசைக்கு வந்தாள்.

"என் முகத்தை எதுக்குச் சுரண்டினீங்க?"

முதலாளியம்மா நிமிர்ந்தாள். "உன் முகமா? நான் பிஸ்கட்டைல்ல…"

"எங்க அம்மா முகம்னு பிள்ளை சொல்லுச்சு. சொன்ன பிறகுதான் சுரண்டினீங்க."

"ஐசிங், சின்ன விஷயத்துக்கு இவ்ளோ கோவமா? நல்லா இருக்கட்டுமேன்னுதான் பண்ணேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க."

"பொன் குஞ்சு வேண்டாம்மா. காக்கைக் குஞ்சு காக்கைக் குஞ்சாவே இருக்கட்டும். பொன் பூசிட்டா அப்பன் காக்கைக்கு அடையாளம் தெரியாது."

அடுப்பு மாஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமரசத்துக்கு வந்தார். "விடு தங்கச்சி. கறுப்பே அழகு, காந்தலே ருசி. பெரியவங்க சொல்லி வச்சதுதானே."

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்கண்ணே. ஆனா காந்திப்போனதோட சேர்த்து ஆறுதல் சொல்ற அளவுக்கு எனக்கு என்ன வியாதி? அழகுன்னு யாரும் பட்டம் கட்ட வேண்டாம். முகத்தை முகம்னு சொன்னாப் போதும்."

முதலாளியம்மாவின் குரலில் தேன் வற்றியது. "தோல்னும் செருப்புன்னும் கோன்ல எழுதினது யாரு? நானா எழுதினேன்?"

ஐசிங் அக்கா தன் கையைப் பார்த்தாள்.

"நான்தான் எழுதினேன். எழுதின கைக்கு வெட்கமா இருக்கு. சொல்லிக்கொடுத்த வாய்க்கு?"

முதலாளியம்மா வாய் திறக்குமுன், கடுகு தோல் கோனை எடுத்துத் தன் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தாள். உற்றுப் பார்த்தாள். "என் மேல ஒட்டல," என்றாள். பிறகு பல் டாக்டர் வீட்டுப் பையனிடம் போனாள். "கையைக் காட்டு."

செருப்பு மூஞ்சி என்று சொன்ன வாய் இப்போது மூடிக்கொண்டது, கை நீண்டது. அவன் அவளைவிட வெளுப்பு. கடையில் எல்லோரும் தலையைத் தடவும் வெளுப்பு. ஆனாலும் அந்தப் பொட்டு அவன் கையில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் தனித்து நின்றது.

"உனக்கும் ஒட்டல."

"எனக்கு, எனக்கு" என்று கைகள் நீண்டன. மாநிறம், கோதுமை நிறம், புட்டி நிறைய எதையோ தடவி வளர்த்த நிறம் — எல்லாக் கைகளிலும் பொட்டு வைத்தாள். எந்தக் கையிலும் அது கரையவில்லை. கடைசியில், யாரும் தடுக்குமுன், முதலாளியம்மாவின் கம்பளிக் கைக்கு வெளியே தெரிந்த புறங்கையிலும் ஒன்று வைத்தாள். பவுடர் பூசாத கை அது.

"ஆன்ட்டி, உங்களுக்கும் ஒட்டலயே."

முதலாளியம்மா வெடுக்கென்று கையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இது யாரோட தோல்?" என்று பல் டாக்டர் வீட்டுப் பையன் கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அடுப்பு மாஸ்டர் கோனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "செவுத்துப் பல்லிக்குச் சரியா இருக்கும்," என்றார்.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மேசைக்குக் கீழே போனார்கள். செருப்பு மூஞ்சி மறைந்தது. "பல்லி மூஞ்சி, பல்லி மூஞ்சி" என்று தங்கள் தங்கள் பிஸ்கட்டையே காட்டிக் கத்தினார்கள். ஐசிங் அக்கா சிரிக்கவில்லை. ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்ததில் அவளுக்கு என்ன மகிழ்ச்சி? பெரிய கிண்ணத்தை மேசை நடுவில் வைத்து, "வரிசையா வாங்க. கையை நீட்டுங்க. பார்த்துக் கலக்கறேன்," என்றாள்.

"இது முடிஞ்சதும் எல்லாத்தையும் பழைய மாதிரி ஆக்கிடு," என்று முதலாளியம்மா கதவருகே நின்று சொன்னாள். "கண்ணாடிப் பெட்டிக்குப் போற சரக்கு. கடைக்குன்னு ஒரு தரம் இருக்கு."

ஐசிங் அக்கா கொக்கோ டப்பாவைத் திறந்தாள்.

வெள்ளையில் கொக்கோ கால் கரண்டி, அரைக் கரண்டி, மஞ்சள் ஒரு துளி, சிவப்பு ஒரு துளி. ஒவ்வொரு கையையும் பிடித்துவைத்துக்கொண்டு கலந்தாள். ஒவ்வொரு கோனிலும் அந்தந்தப் பிள்ளையே எழுதிற்று. 'நான்', 'தாத்தா', 'அப்பா வெயிலில் போன பிறகு'. கடுகு எழுதியது 'அம்மா'. சுழி, புள்ளி, கால் எல்லாம் சரியாக, ஆனால் கோணலாக. மூன்று முகங்களின் மேலும் புதிதாகப் பூசினாள். ஆனால் கத்தி ஆழமாகத்தான் போயிருந்தது. எவ்வளவு நிரப்பினாலும் அம்மாவின் கன்னத்தில் ஒரு கீறல் தெரிந்தது.

மதியம் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வந்து கடை முன்னால் நின்றார்கள். முதலாளியம்மா கண்ணாடிப் பெட்டியில் பிஸ்கட்டுகளை அடுக்கினாள். வேறு வழியில்லை; பழைய நிறத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாக் குடும்பங்களும் உள்ளே போயின. ஒரு குடும்பம் மட்டும் உடைசல் தட்டுக்கு ஒதுங்கியது.

"எங்களுது?" என்றாள் கடுகு.

"அதுல கீறல் இருக்கே, கண்ணு. கீறல் விழுந்ததைக் கண்ணாடியில வைக்கறதில்ல."

கேட்டீர்களா நியாயத்தை. கீறியதும் அவளே, கீறல் என்று கழித்ததும் அவளே. உலகத்தில் நடக்கிற ஒதுக்கல் பாதிக்கு இதுதான் இலக்கணம்.

ஐசிங் அக்கா வந்தாள். கையில் ஒரு வெள்ளை அட்டையும் தடித்த பேனாவும் இருந்தன. "சரிம்மா. வைக்க வேண்டாம். அந்த இடத்துல ஓர் அட்டை வைக்கிறேன். கீறல் எப்படி வந்துச்சு, யார் கத்தியில வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு விவரமா எழுதறேன். இந்தக் கடையில எழுதறது என் வேலைதானே."

பல் டாக்டர் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் மகன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, தோல்னா பல்லியோடதுப்பா" என்று விளக்கம் தொடங்கியிருந்தான்.

முதலாளியம்மா உடைசல் தட்டிலிருந்து மூன்றையும் எடுத்தாள். ஓரத்தில், விலைப்பலகைக்குப் பின்னால் வைத்தாள். ஐசிங் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். விலைப்பலகை நகர்ந்தது. இன்னும் பார்த்தாள். பலகை வெளியே வந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் முதலாளியம்மா ஐசிங் அக்காவைக் கையால் ஓரமாக அழைத்தாள். பிள்ளைகளில் ஒருத்தி ஆசையாக 'கடை ஆன்ட்டி' என்று ஒரு பிஸ்கட் செய்து கொடுத்திருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், மன்னிப்பு என்று தொடங்கப்போகிறவள்போல் தொடங்கினாள்.

"ஐசிங், இதுல என்னை ரொம்ப மங்கலாப் பண்ணிருக்கு. கொஞ்சம் வெளுப்பா மாத்திக் கொடேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

ஐசிங் அக்கா அவளைப் பார்த்த பார்வையில் கோபம் குறையவில்லை, கூடிற்று. ஆனால் அதன் இலக்கு சற்று நகர்ந்தது. சுரண்டிய கையையும் இந்தப் பல்லி நிறம் என்றோ சுரண்டியிருக்கிறது. அந்தக் காயத்தை ஆற்றிக்கொள்ளாமல் அடுத்தவர் பிள்ளை மேல் இறக்கியிருக்கிறது. பரிதாபம் வேறு, மன்னிப்பு வேறு. முதலாவதை மட்டும் அவளால் கொடுக்க முடிந்தது.

"கையை நீட்டுங்கம்மா. பார்த்துக் கலக்கறேன்."

முதலாளியம்மா கம்பளிக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தெருமுனையில் பேருந்து திரும்பியது. வேகமாகத்தான் வந்தது. கடைக்கு நாலு கட்டடம் முன்னால் வேகம் குறைந்தது. பின்னால் வந்த வண்டிகள் பொறுமை இழந்து கூவின. கண்ணாடிப் பெட்டிக்கு நேராக அது ஏறக்குறைய நின்றேவிட்டது. ஓட்டுநர் கழுத்தை நீட்டி, அடுக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்களை ஓட்டினார். குல்லா குல்லாவாகப் பார்த்தார். ஓரத்துக்கு வந்ததும் கண்கள் நின்றன. கறுத்த கை சன்னலோரம் எழுந்து அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டியது. பிறகு இரண்டு முறை ஹாரன்.

"கண்டுபிடிச்சிட்டாரு," என்றாள் கடுகு, தரவேண்டியதைத் தந்துவிட்டவளின் குரலில்.

ஐசிங் அக்கா பின்னறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து நிற டப்பாக்களை இறக்கினாள். மேசையில் கிடந்த அதே சின்னக் கத்தியை எடுத்தாள். 'செருப்பு' சீக்கிரம் உதிர்ந்தது. 'தோல்' பழைய எண்ணெய் மை, ஆண்டுக்கணக்கில் மேலுக்கு மேல் எழுதி ஊறியது. முதல் சுரண்டலில் புள்ளி மட்டும் போயிற்று. அவள் கத்தியை மாற்றிப் பிடித்தாள்.